பள்ளிச் செவிலியர் சேவை: ஒரு நீரிழிவுக் குழந்தையின் வீட்டிலிருந்து

என் மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு. ஆரம்பப் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் பள்ளிச் செவிலியர் சேவையை நம்பியே அவளுடைய பகல் பொழுது கழிகிறது. இப்போது நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். சேவை அதேதான், செவிலியர் வேறு. சிராய்ப்புக்கு மருந்து போடவும் காய்ச்சல் பார்க்கவும் மட்டும் இந்தச் சேவையை அறிந்தவர்கள் குறையே சொல்ல மாட்டார்கள். அந்த வேலைகளை இருவருமே நன்றாகத்தான் செய்தார்கள்.

முதல் செவிலியர் பள்ளி திறப்பதற்கு முன்பே எங்களை அழைத்து, மருத்துவர் தந்த குறிப்புகளை வைத்துப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை எழுதினார். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை, இன்னும் ஏறாவிட்டால் மீண்டும் அதே அளவு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊட்டக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளுக்ககான் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) கொடுத்து, ஆம்புலன்சை அழைக்க வேண்டும். இதெல்லாம் எந்த மருத்துவரும் சொல்லக்கூடியதுதான். அவர் கூடுதலாகச் செய்தது, அந்தத் தாளை வகுப்பாசிரியர், உடற்பயிற்சி ஆசிரியர், பேருந்து உதவியாளர் எல்லோருக்கும் கொடுத்து, குளுக்கோமீட்டரை அவர்கள் கையாலேயே இயக்கிப் பார்க்கச் சொன்னது. "சர்க்கரை இறங்கியிருக்கும்போது இவளைத் தனியாக மருத்துவ அறைக்கு அனுப்பாதீர்கள்" என்ற வரியைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். பல பள்ளிகளுக்கு ஒரே செவிலியர் என்பதால் வாரத்தில் பாதி நாள் அவர் இருக்க மாட்டார். இல்லாத நாளிலும் வேலை நடந்தது.

இரண்டாமவர் வந்ததும் திட்டம் கோப்புக்குள் போனது, கோப்பு அலமாரிக்குள் போனது, அலமாரிக்குப் பூட்டும் வந்தது. செவிலியர் வராத ஒரு நாளில், தற்காலிகமாக வந்திருந்த உடற்பயிற்சி ஆசிரியர், வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தவளை நிழலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்திருக்கிறார். பைக்குள் குளுக்கோஸ் இருப்பது அவளுடைய தோழிக்குத் தெரிந்திருந்ததால் பிழைத்தோம். அந்த ஆசிரியர்மீது எனக்குக் கோபமில்லை. அவரிடம் யார் சொன்னார்கள்?

பூட்டைப் பற்றித்தான் அதிகம் சண்டை போட்டேன். மருந்துகளைப் பூட்டி வைப்பது பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் குளுக்ககான், ஆஸ்துமா இன்ஹேலர், ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி போன்றவை நெருக்கடியில் நிமிடக் கணக்கில் தேவைப்படுபவை. சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடும் நேரம் அப்போது இருக்காது. எழுதிக் கேட்ட பிறகு அவற்றுக்கு மட்டும் தனிப் பெட்டி வைத்தார்கள். அதைத் திறந்து பார்த்தபோது குளுக்ககானின் காலாவதித் தேதி கடந்திருந்தது! இப்போது பருவத் தொடக்கத்தில் தேதிகளைப் பார்த்துக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். கேட்டால் செய்கிறார்கள், கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தச் செவிலியரிடம் எனக்குப் பிடித்ததும் உண்டு. எதையும் முதலில் மகளிடம்தான் கேட்கிறார், பிறகுதான் என்னிடம். பரிசோதனை செய்ய வகுப்பை விட்டு வெளியே போக வேண்டாம், இருக்கையிலேயே செய்யலாம் என்று ஏற்பாடு செய்தவர் அவர்தான். முந்தையவர் அவளைக் கண்ணாடிப் பொம்மை போல நடத்தினார் என்று மகள் இப்போது சொல்கிறாள். எனக்கு அது அக்கறையாகத் தெரிந்தது. நோய் அவளுடையது, எனவே அவள் மதிப்பீட்டுக்கே எடை அதிகம்.

கண் பரிசோதனை ஒழுங்காக நடக்கிறது, முடிவுக் கடிதம் மட்டும் தாமதமாக வரும்.

புதிதாகப் பிள்ளையைச் சேர்ப்பவர்கள், செவிலியர் எவ்வளவு படித்தவர் என்று விசாரிப்பதைவிட, அவர் விடுப்பில் இருந்தால் யார் ஊசி போடுவார், அப்படிப் போடுபவருக்குக் கடைசியாக எப்போது பயிற்சி கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் நல்லது. "பார்த்துக்கொள்வோம்" என்றால் மறுபடியும் கேளுங்கள்.

இந்தப் பருவத்தில் இரவு தங்கும் கல்விச் சுற்றுலா ஒன்று வருகிறது. பகல் முழுக்க ஓடியாடினால் இரவு தூக்கத்தில் சர்க்கரை இறங்கக்கூடும். அந்த இரவில் பரிசோதிக்கப் போவது யார் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. அது வரும்வரை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதாக இல்லை.