சேலத்தில் டிஎம்எஸ் சிகிச்சை: தம்பிக்கு எடுத்ததில் பார்த்தது

தம்பிக்கு மனச்சோர்வும் ஏடிஎச்டியும் (கவனம் ஒரு இடத்தில் நிற்காத பிரச்சினை) சேர்ந்தே உண்டு. மாத்திரை மட்டும் போதவில்லை என்பதால் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கிளினிக்கில் டிஎம்எஸ், அதாவது காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் சிகிச்சை எடுத்தோம். ஷாக் ட்ரீட்மென்ட் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள், அது வேறு, இது வேறு. மயக்க மருந்து கிடையாது, தலையின் இடது முன்பக்கம் காயில் (கம்பிச்சுருள்) ஒன்றை வைத்து காந்தத் துடிப்பு கொடுக்கிறார்கள், முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

முதல் நாள் அளவு பார்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வலது கைக் கட்டைவிரல் தானாகத் துடிக்கும் இடத்தைப் பொறுமையாகத் தேடிப் பிடித்து, அதை வைத்துத்தான் எவ்வளவு சக்தி என்று முடிவு செய்தார்கள். நெற்றியில் மரங்கொத்தி கொத்துகிற மாதிரி இருக்கிறது என்றான். சத்தம் பலம், காதடைப்பான் கொடுத்தார்கள்.

ரிசப்ஷனில் மட்டும் "ஏடிஎச்டியும் சேர்ந்து போயிடும்" என்றார்கள், அது தப்பு. மனச்சோர்வுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008லேயே அனுமதி கொடுத்தது, பெரியவர்களின் ஏடிஎச்டிக்குக் கொடுக்கவில்லை. டாக்டர் அதை நேராகவே சொன்னார். வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்றெல்லாம் கேட்ட பிறகுதான் ஆரம்பித்தார்.

இப்போது நன்றாகத் தூங்குகிறான், செவ்வாய்ப்பேட்டை கடைக்கு மறுபடி போகிறான், அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம். சாவி தொலைப்பது அப்படியேதான் இருக்கிறது, அதற்கு மாத்திரை தொடர்கிறது.

பொதுவாக வாரம் ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் கீழேயே தங்க இடம் பாருங்கள், அப்புறம் மொத்தச் செலவை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.