கதவடியில் செருகும் அலாரம்: 3 வருடப் பயணத்துக்குப் பிறகு

நானும் என் மனைவியும் 3 வருடமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம், எங்கள் பையில் முதல் நாளிலிருந்து இருக்கும் பொருள்களில் இந்த ஆப்பு வடிவ அலாரமும் ஒன்று. ராத்திரி கதவின் அடியில் செருகிவிட்டுத் தூங்க வேண்டியதுதான். யாராவது கதவைத் தள்ளினால் மேல்தகடு அமுங்கி அலறும், கதவும் சட்டென்று நகராது.

ஒரு விடுதியில் நடுராத்திரி வேறொருவர் சாவி போட்டு எங்கள் அறையைத் திறந்துவிட்டார். வரவேற்பில் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அலாரம் அலறியதில் அவர் பயந்து பின்வாங்கினார், என் மனைவிக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து இது இல்லாமல் நாங்கள் படுப்பதில்லை.

குறைகளும் உண்டு. உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்குத்தான் இது உதவும், வெளிப்பக்கம் திறக்கும் கதவில் வைத்துப் பிரயோஜனமே இல்லை. வழவழப்பான டைல்ஸ் தரையில் வழுக்கும், அடியில் உள்ள ரப்பரை ஈரத்துணியால் துடைத்து வைத்தால் கொஞ்சம் பிடிக்கிறது. பைக்குள் வைக்கும்போது சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள், பேட்டரியையே கழற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: தீ விபத்து என்றால் இருட்டில் இதை எடுத்துவிட்டு ஓட வேண்டியிருக்கும், அதனால் இருவருமே கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பழகுங்கள். ஜோடியாகப் போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம்.