ஆர்கேட் பேனலுக்கு எந்தப் பட்டன், எந்த நிறம்: நான் ஏன் குழிவான பட்டன், ஆளுக்கு ஒரு நிறம் என்று போனேன்

காசு போட்டு விளையாடும் ஆர்கேட் மெஷின் போல, ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் பொருத்திய பலகைதான் பேனல். இரண்டு பேர் விளையாடும் என் பேனலில் இப்போது இருப்பது 28 மில்லிமீட்டர் துளையில் நட் போட்டு முறுக்கும் அமெரிக்க வகைப் பட்டன். மேல்பக்கம் குழிவாக இருக்கும். ஆளுக்கு ஆறு பட்டன், முதல் ஆளுக்கு எல்லாமே சிவப்பு, இரண்டாம் ஆளுக்கு எல்லாமே நீலம். இதற்கு எதிராக நான் வைத்துப் பார்த்தவை ஜப்பானிய 30 மி.மீ. பட்டனும், உள்ளே எல்இடி எரியும் ஒளி ஊடுருவும் பட்டனும். நிறத்தில் எதிர்ப்பக்கம் நின்றது ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு நிறம் என்கிற, நியோ ஜியோ என்ற பழைய ஆட்ட மெஷினின் பாணி. நான் எந்தப் பக்கம் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிட்டது, அதனால் நடுநிலை போல எழுதப் போவதில்லை.

விரலுக்கு எப்படி இருக்கும் என்பதை முதலில் முடித்துவிடுவோம். ஜப்பானிய வகை என்றால் பெரும்பாலும் சன்வா அல்லது செய்மிட்சு கம்பெனியுடையது. சன்வாவின் ஓபிஎஸ்எஃப்-30 தான் எல்லோரும் முதலில் பார்ப்பது. மேல்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும், விரல் பட்டாலே போதும், அழுத்தம் பதிவாகிவிடும். சண்டை ஆட்டங்களில் ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்கு விரலை வழுக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இதைவிடச் சுகமானது கிடையாது. சத்தம் தொந்தரவு என்றால் இதிலேயே சத்தமில்லாத ரகமும் இருக்கிறது. அமெரிக்க வகை ஹேப் என்ற பெயரில் பழக்கமானது, ஸ்பெயினின் இண்டஸ்ட்ரியாஸ் லொரென்சோ செய்வதும் அதே குடும்பம்தான். ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டி, உள்ளே இறங்கும் ஆழம் அதிகம், க்ளிக் சத்தம் பக்கத்து அறைக்கும் கேட்கும். 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்த காலத்து அமெரிக்க கேபினெட்டுகளில் கை பழகியவர்களுக்கு இதுதான் சரியாகப்படும். எதுவானாலும் கொஞ்ச நாளில் கை பழகிவிடும் என்பது என் அனுபவம், அதனால் இதில் ரொம்ப நேரம் வாதாட எனக்கு ஆசையில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். வீட்டுப் பேனலில் குழந்தைகளும் விருந்தாளிகளும் விரலைப் பட்டன் மேலேயே வைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். சன்வாவில் அது தெரியாமல் ஆட்டத்தில் சேர்த்து வைத்த ஒரு வெடிகுண்டைச் செலவழித்துவிடும், கெட்டி ஸ்பிரிங்கில் அப்படி நடப்பது அபூர்வம்.

அடுத்தது பலகை. ஓபிஎஸ்எஃப் போன்று அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் பட்டன்கள் மெல்லிய உலோகத்துக்கும் அக்ரிலிக்குக்கும் என்று செய்யப்பட்டவை. 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் அதன் காதுகள் பிடிக்க எதுவும் இல்லை, கீழ்ப்பக்கம் மரம் குடையும் ரவுட்டர் மெஷினால் குடைந்து மெல்லியதாக்க வேண்டும். நட் வைத்த ஓபிஎஸ்என்-30 இருக்கிறது, ஆனால் அதன் உடம்பும் குட்டையானது. ஹேப் வகைக்கு உடம்பு நீளம், தடித்த மரத்தில் அப்படியே உட்காரும். துளை அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 28-இல் துளைத்துவிட்டு மனசு மாறினால் 30 ஆக்கிக்கொள்ளலாம், 30-இல் துளைத்ததைத் திரும்பச் சின்னதாக்க முடியாது. அதில் 28 பட்டனைப் போட்டாலும் விளிம்பு துளையை மூடும், நட்டும் பிடிக்கும், ஆனால் நடுவில் நிற்காமல் ஆடும். குழப்பத்தில் இருப்பவர்கள் மரத்தில் வட்டத் துளை போடும் 28 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டில் ஆரம்பிப்பது நல்லது. வயர் தொகுப்பையும் பட்டனை முடிவு செய்த பிறகே வாங்குங்கள், ஏனென்றால் சன்வாவின் முனைக்கு 2.8 மி.மீ. கவ்வி வேண்டும், ஹேப் மைக்ரோசுவிட்சுக்கு 4.8.

இனிதான் நான் நீட்டிப் பேச வேண்டிய விஷயம். பட்டன் கெட்டால் என்ன செய்வீர்கள்? வாங்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை, எல்லாப் பட்டனும் புதிதாக இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பேனல் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும் என்றால், நிறமும் வகையும் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து முடிகின்றன.

பட்டனில் முதலில் போவது பெரும்பாலும் சுவிட்ச்தான். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை சுடும், அல்லது பிடித்துக்கொண்டே இருக்கும்போது நடுவில் விட்டுவிடும். ஹேப் வகையில் மைக்ரோசுவிட்ச் தனியாகப் பட்டனின் அடியில் மாட்டப்பட்டிருக்கிறது. பேனலைத் திறந்து, இரண்டு வயரைக் கழற்றி, சுவிட்சைப் பிடுங்கி, புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. மேலே தெரியும் சிவப்புக் கட்டையை நீங்கள் தொடவே இல்லை, அதனால் பக்கத்துப் பட்டன்களோடு நிறம் பொருந்துமா என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தச் சுவிட்ச் பல தயாரிப்பாளர்களும் பின்பற்றும் பொது அளவு வேறு. மாட்டும்போது மூன்று முனை இருக்கும், வயர் போக வேண்டியது பொது முனைக்கும், அழுத்தும்போது மட்டும் இணையும் ‘என்ஓ’ முனைக்கும். அழுத்தாதபோது இணைந்திருக்கும் ‘என்சி’யில் மாட்டினால் கை வைக்காமலேயே பட்டன் அழுந்தியிருப்பதாக ஆட்டம் நினைத்துக்கொள்ளும்.

ஜப்பானிய வகையில் சுவிட்ச் சின்னது, உடம்புக்குள்ளேயே பொருத்தப்பட்டது. நிதானம் இருந்தால் நெம்பி எடுத்து மாற்றலாம், ஆனால் பெரும்பாலானவர்கள் முழுப் பட்டனையே மாற்றிவிடுகிறார்கள். அது ஒன்றும் கஷ்டமில்லை, இரண்டு காதையும் அழுத்தினால் மேலே வந்துவிடும், உண்மையில் நட் கழற்றுவதைவிட வேகமான வேலை. சிக்கல் அதற்குப் பிறகுதான் தெரியும். பழைய பட்டன்களுக்கு நடுவில் புதியது ஒன்று மட்டும் பளபளப்பாக உட்கார்ந்திருக்கும். வெள்ளை என்றால் இன்னும் மோசம், வெளிச்சம் பட்டுப் பட்டு ஏபிஎஸ் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும், புது வெள்ளையை அதன் பக்கத்தில் வைத்தால் அறை வாசலிலிருந்தே தெரியும். வேறு தயாரிப்பாளரின் பட்டனை வாங்கினால் ஒரே ‘சிவப்பு’ என்று எழுதியிருந்தாலும் ஒன்று செங்கல், மற்றொன்று தக்காளி.

பட்டனுக்கு ஒரு நிறம் என்பதை நான் விட்டதற்கும் இதே காரணம்தான். பழைய ஆட்டங்களில் பாதிக்கு மேல் மூன்று பட்டனைத் தாண்டாது. ஆர்கேட் மெஷின்களில் ஆட்டப் பலகையையும் பட்டன்களையும் இணைக்க 1985-இல் வந்த ஜாமா என்ற பொது இணைப்பு முறையே ஆளுக்கு மூன்று பட்டனுக்குத்தான் வழி வைத்தது, ஆறு பட்டன் ஆட்டங்களுக்குத் தனி வயர் இழுக்க வேண்டியிருந்தது. ஆக உங்கள் பேனலில் முதல் இரண்டு பட்டனும் படாதபாடு படும், ஐந்தும் ஆறும் ஏறக்குறைய ஓய்வில் இருக்கும். எல்லாம் ஒரே சிவப்பு என்றால் தேய்ந்த முதல் பட்டனையும் புதிதாகவே இருக்கும் ஆறாவதையும் இடம் மாற்றிப் போட்டுவிடலாம், பார்ப்பவர் யாருக்கும் தெரியாது. ஆறு நிறம் வைத்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும், மாற்றிப் போட்டால் நீங்கள் யோசித்து வைத்த வரிசையே குலைந்துவிடும். கையிருப்புக்கும் அதே கணக்கு. எனக்குச் சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று எடுத்து வைத்தால் போதும், ஆறு நிறம் வைத்தவருக்கு ஆறு நிறத்திலும் ஒவ்வொன்று வேண்டும், எது முதலில் போகும் என்று தெரியாமலே.

பல நிற வரிசைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1990-இல் வந்த நியோ ஜியோவில் ஏ சிவப்பு, பி மஞ்சள், சி பச்சை, டி நீலம் என்பது ஆட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது, அந்த ஆட்டங்களுக்கென்றே ஒரு பேனல் செய்கிறீர்கள் என்றால் நான்கு நிறத்தையும் போடுங்கள், நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் என்ற மென்பொருளில் (எமுலேட்டரில்) பல கம்பெனி ஆட்டங்களும், கூடவே வீட்டு கன்சோல்களும் ஓடப் போகும் பேனல் என்றால் எந்த வரிசையைப் பின்பற்றுவது? சூப்பர் ஃபேமிகாமில் ஏ சிவப்பு, எக்ஸ் நீலம், ஒய் பச்சை. எக்ஸ்பாக்ஸில் ஏ பச்சை, பி சிவப்பு, ஒய் மஞ்சள். ஒன்றுக்கு உண்மையாக இருந்தால் இன்னொன்றில் தப்பாகக் காட்டும், திரையில் ‘பச்சையை அழுத்து’ என்று வரும்போது உங்கள் பச்சை வேறு வேலை செய்துகொண்டிருக்கும். ஆறு பட்டன் சண்டை ஆட்டத்திலோ மேல் வரிசை குத்து, கீழ் வரிசை உதை, இடமிருந்து வலமாக வலு கூடும், அவ்வளவுதான், அதற்கு ஆறு நிறம் தேவையே இல்லை. மேல் வரிசை ஒரு நிறம், கீழ் வரிசை ஒரு நிறம் என்று போட்டிருந்தால் அது நல்ல சமரசம், சண்டை ஆட்டம் மட்டுமே என்கிறவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

ஆளுக்கு ஒரு நிறம் என்பது 1985-இன் காண்ட்லெட் ஆட்டத்திலேயே இருக்கிறது. சிவப்பு வீரன், நீல வால்கைரி, மஞ்சள் மந்திரவாதி, பச்சை எல்ஃப் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறம். புதிதாக வந்து நிற்பவரிடம் “நீங்க நீலம்” என்று சொன்னால் எந்த ஸ்டிக், எந்தப் பட்டன், திரையில் எந்தப் பக்கம் எல்லாம் ஒரே சொல்லில் புரிந்துவிடுகிறது. இரண்டு பேர் பேனலுக்குச் சிவப்பும் நீலமும் நல்ல ஜோடி, ஏனென்றால் சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாதவர்கள், முக்கியமாக ஆண்களில், நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களையும் இந்த ஜோடி குழப்பாது. கறுப்புப் பேனலில் கறுப்பு, கருநீலம் இரண்டும் விளக்கை அணைத்ததும் காணாமல் போய்விடும், அந்த நீலம் கொஞ்சம் வெளிர் பக்கமாக இருக்கட்டும். பேனல் மேல் படம் அச்சிட்டு ஒட்டப் போகிறீர்களா, அப்படியானால் வாங்குவதற்கு முன் வண்ணக் காகிதத்தை 30 மி.மீ. வட்டமாக வெட்டி அச்சின் மேல் வைத்து ஓரடி தள்ளி நின்று பாருங்கள். கணினித் திரையில் அழகாக இருந்த சேர்க்கை பாதி நேரம் அங்கேயே தோற்றுவிடும்.

எல்இடி பட்டனோடு நான் நீண்ட காலம் வாழ்ந்ததில்லை, நண்பர் ஒருவரின் பேனலில் விளையாடியதும், அவருக்கு வயரிங்கில் உதவியதும்தான் என் அனுபவம். அதனால் இதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். அழகில் அதற்குப் போட்டியே இல்லை. மூன்று நிறமும் எரியும் ரகத்தில், எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கு வேண்டிய பட்டன் மட்டும் அதற்குரிய நிறத்தில் எரியும்படி செய்ய முடியும். மேலே நான் புலம்பிய நிறக் குழப்பத்துக்கு உண்மையான தீர்வு அதுதான், இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சாதா பட்டனுக்கு இரண்டு வயர், ஒரு நிற எல்இடிக்கே நான்கு, மூன்று நிறத்துக்கு அதற்கும் மேல், கூடவே தனி கன்ட்ரோலர். 12 பட்டனும் வெள்ளையாக முழு வெளிச்சத்தில் எரிந்தால், ஒரு நிறத்துக்கு 20 மில்லிஆம்பியர் என்று வைத்தாலே 720 வந்துவிடும், யுஎஸ்பி 2.0 தருவது 500. தனி மின்சார இணைப்பு இல்லாமல் நடக்காது. 12 வோல்ட் பல்பை 5 வோல்ட்டில் மாட்டிவிட்டு மங்கலாக எரிகிறதே என்று தேடுவதும் இதில்தான். ஒளி போக வேண்டிய மேல்மூடி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பதால் ஒவ்வொரு நகக் கீறலும் வெளிச்சத்தில் தெரிகிறது, பல பல்புகளில் ஒன்று மட்டும் மங்கினால் அதுவும் தெரிகிறது. பராமரிப்புதான் முக்கியம் என்று இவ்வளவு தூரம் பேசிய நான் அதை எடுக்க முடியாது.

ஜப்பானிய வகையில் என்னை யோசிக்க வைத்தது ஒன்றே ஒன்று, செய்மிட்சுவின் பிஎஸ்-14-கே. விளக்கு இல்லாத ஊடுருவும் பட்டன், மூடியைக் கழற்றி உள்ளே அச்சிட்ட காகித வட்டத்தை வைக்கலாம். நிறம் காகிதத்தில் இருப்பதால், வெளுத்தால் புதிதாக அச்சிட்டுக்கொள்ளலாம். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, மெல்லிய அக்ரிலிக் பேனல் செய்தால் நிச்சயம் இதைத்தான் பார்ப்பேன். அந்த மூடி எத்தனை வருஷம் தெளிவாக இருக்கும் என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

ஆட்டப் பட்டன் இல்லாதவற்றை இந்த நிறக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்டார்ட் இரண்டும் வெள்ளை, ஒரு ஆள், இரண்டு ஆள் படம் போட்டது. அவற்றை அழுத்துவது எப்போதாவதுதான் என்பதால் தேய்மானம் பற்றிக் கவலை இல்லை, மஞ்சளானாலும் இரண்டும் சேர்ந்தே ஆகும். காயின் பட்டன் முன்பக்கப் பலகையில். ஆட்டத்தை விட்டு வெளியேறும் பட்டனை மட்டும் மேல்பரப்பில் வைக்கவே வைக்காதீர்கள். என்னுடையது 24 மி.மீ. சின்னப் பட்டன், பேனலின் நிறத்திலேயே கறுப்பு, பக்கவாட்டில் ஸ்டிக்குக்கு எட்டாத இடத்தில். சில நொடி அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும்படி மென்பொருளிலும் வைத்திருக்கிறேன்.