லிகெட்டியின் ‘மூசிகா ரிச்செர்காத்தா’ இசைத்தாள் நூல்: வாசிப்பவரின் பார்வையில்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பிய இசையை ஆராய்ந்து வாசிக்க விரும்பும் பியானோ கலைஞர் முதலில் எதை வாங்கலாம் என்று யாரேனும் கேட்டால், ஷாட் பதிப்பகத்தின் வெளியீடாகக் கிடைக்கும் ஹங்கேரிய இசையமைப்பாளர் கியோர்கி லிகெட்டியின் ‘மூசிகா ரிச்செர்காத்தா’ என்ற பியானோ தொகுப்பின் இசைத்தாள் நூலையே நான் தயங்காமல் சொல்வேன்.

1951 முதல் 1953 வரை, புதிய இசைக்குக் கதவடைக்கப்பட்டிருந்த புடாபெஸ்டில், அரங்கேறும் என்ற நம்பிக்கையே இல்லாமல் எழுதப்பட்ட பதினோரு சிறு உருப்படிகள் இவை. முழுத் தொகுப்பும் 1969இல்தான் சுவீடனின் சுண்ட்ஸ்வால் நகரில் முதன்முறையாக மேடையேறியது. முதல் உருப்படியில் இரண்டே ஸ்வரங்கள், அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் நான்கு என வளர்ந்து, பதினோராவதில் மேற்கத்திய இசையின் பன்னிரண்டு ஸ்வரங்களும் வந்து சேர்கின்றன. இந்த எண்ணிக்கையைப் பட்டியலிட்டதும் ஆய்வு முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகிறார்கள். மாணவப் பருவத்தில் நானும் அப்படித்தான் கருதினேன். கருவியின் முன் அமர்ந்த பிறகுதான் அந்தப் பட்டியல் விரல்களுக்கு எதையும் சொல்லித் தரவில்லை என்பது புரிந்தது.

முதல் உருப்படியையே பாருங்கள். ஏறத்தாழ முழுவதும் ‘ஏ’ என்ற ஒரே ஸ்வரம். மெட்டும் இல்லை, சுருதிக் கூட்டும் இல்லை. எனவே எந்த ஆக்டேவில் (ஸ்தாயியில்), எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம், எத்தனை வேகத்தில் என்பவையே இசையாகிவிடுகின்றன. வேகம் ஏறி ஏறி, கடைசியில் ஒரு ‘டி’ விழுகிறது. அதுவரை கேட்ட ‘ஏ’ அனைத்தும் அந்த ‘டி’க்காகக் காத்திருந்த பஞ்சமம் என்பதைச் செவி அந்தக் கணத்தில்தான் உணர்கிறது. இதை அறிந்தவர் நடுவிலேயே உச்சத்தை எட்டிவிடாமல், வலிமையைக் கடைசி வரை சேமித்து வைப்பார். நான் நாடும் ஆய்வு இத்தகையதே.

இரண்டாவதில் வரும் இ ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி ஆகிய மூன்றும் விசைப்பலகையில் அடுத்தடுத்து இருப்பவை. முதல் இரண்டும் சடங்குபோல் மாறி மாறி ஒலித்து நம்மைப் பழக்கிய பிறகே, ‘ஜி’ ஆணி அடிப்பதுபோல் வந்து, விரைந்து விரைந்து திரும்பத் தாக்குகிறது. முன்பு நான் கற்ற ஒளிநகலில் ஓரங்கள் வெட்டுப்பட்டு, ஒலி அளவுக் குறிகள் சில காணாமல் போயிருந்தன. அதை நம்பிப் பல மாதங்கள் தவறாக வாசித்தேன். ஸ்வரங்கள் இத்தனை குறைவாக உள்ள இசையில் ஒரு குறி தவறினால் கட்டமைப்பே தவறிவிடும் என்பதால், நகலைத் தவிர்த்து அச்சுப் பிரதியையே வாங்குங்கள்.

அதிக உழைப்பைக் கேட்பது ஏழாவது. இடக்கையில் ஏழு ஸ்வரச் சுழற்சி சீராக ஓட, வலக்கை தனக்கென ஒரு காலப்பிரமாணத்தில் பாடுகிறது. இரண்டையும் கணக்கிட்டுப் பொருத்த முயன்றால் பாட்டு இறுகிப்போகும். இடக்கையை மட்டும் தனியே பல நாள் வாசித்து, அது எண்ணாமலே ஓடத் தொடங்கிய பிறகு வலக்கையைச் சேர்ப்பதே எனக்குப் பலித்த வழி.

அதே ஆண்டுகளில் பாரிசில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலேஸ், இரு பியானோக்களுக்கான தம் ‘ஸ்ட்ரக்சர்ஸ்’ முதல் நூலில் ஸ்வரம், கால அளவு, ஒலி வலிமை, தொடுகை என அனைத்தையும் முன்கூட்டியே வகுத்த வரிசைகளுக்குள் அடக்கிக்கொண்டிருந்தார். அங்கே வரிசைகளைக் கண்டறிய காகிதமும் பென்சிலும் போதும். ஆனால் ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு ஸ்வரம் கூட்டும் லிகெட்டியின் விதியை முதல் வாசிப்பிலேயே கை உணர்ந்துவிடுகிறது. பழைய இத்தாலிய இசையமைப்பாளர் ஃபிரெஸ்கோபால்டிக்குக் காணிக்கையாக அமைந்த பதினோராவதில் மட்டும் பென்சிலை எடுங்கள்: பன்னிரண்டு ஸ்வரக் கருப்பொருள் நுழையும் ஒவ்வோர் இடத்தையும், அதன் எதிரே அரை ஸ்வரமாகப் படியிறங்கும் குரலையும் தாளில் குறித்துக்கொண்ட பிறகே வாசிக்கத் தொடங்குவது நல்லது.