பின் பிரேக் பிஸ்டன் திருகும் செட்: பாதிப் பெட்டி வீண், ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை

வண்டி 2010 மாடல் ஹோண்டா சிவிக். கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் நடுவேதான் தினசரி ஓட்டம், மாதம் ஒருமுறை மதுரை. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்கள் உயர்ந்து நிற்பதால் வண்டியில் சின்னச் சத்தம் வந்தாலும் சுவரில் அடித்துத் திரும்பிக் காதுக்கே வந்துவிடும். மூன்று வாரமாகப் பின்னாலிருந்து ஒரு கீச்சுச் சத்தம், மெதுவாகப் போகும்போது மட்டும். பிரேக் பேடு, அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டை, தேய்ந்துபோனால் அதிலுள்ள சின்ன இரும்பு நாக்கு டிஸ்கில் உரசிக் கத்தும், அதற்காகவே வைத்தது அது. ஆனால் பேடு மாற்றி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதுதான் எரிச்சல். இந்தத் தடவை நாமே செய்துவிடுவோம் என்று ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு இந்த 22 உருப்படி செட்டை வரவழைத்தேன்.

இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பின்னாலும் டிஸ்க் உள்ள பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும், பேடை டிஸ்கில் அமுக்குகிற அதே கேலிப்பருக்குள்தான் இருக்கிறது. அதில் பேடைத் தள்ளும் பிஸ்டனுக்குள் ஒரு மரை உண்டு, பேடு தேயத் தேய பிஸ்டன் தானாக முன்னுக்கு வந்து இடைவெளியைச் சரிக்கட்டிக்கொள்ளும். தடிமனான புதுப் பேடு உட்கார அந்தப் பிஸ்டனைத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். மரை இருப்பதால் முன் சக்கரத்தில் செய்வதுபோல் சி கிளாம்ப் (சி வடிவ இறுக்கி) போட்டு நெரித்தால் பிஸ்டன் அசையாது, பிடிவாதமாக நெரித்தால் உள்ளே இருக்கிற மரைதான் கெடும். அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். அந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் இந்தக் கருவி. நுனிமூக்குப் பிளையரால் திருகுகிறவர்களும் உண்டு, பிளையர் வழுக்கிப் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பரைக் கிழித்துவிட்டால் அப்புறம் கேலிப்பருக்கே செலவு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, பின்கட்டு முற்றம். முகப்பில் நிழல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜாக்கியை நிறுத்தினால் கல் போய்விடும், வீட்டில் அதற்கு மன்னிப்பே கிடையாது. பிஸ்டன் திரும்ப வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை இறக்கியாக வேண்டும், அதனால் முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்காமல் வண்டியைத் தூக்காதீர்கள். நான் அம்மிக் குழவியை எடுக்கப் போனேன். “அதை வச்ச எடத்துல வையிடா. இந்த ஊர்ல மெக்கானிக்கே செத்துப் போயிட்டானா?” என்றார் அப்பத்தா. சரி என்று செங்கல். ஜாக்கியை மட்டும் நம்பி உட்கார வேண்டாம், ஸ்டாண்டு ஒன்று சாஸியின் கீழே இருக்கட்டும்.

கேலிப்பரை 12ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றிப் பார்த்தபோதுதான் கதை புரிந்தது. இடது பக்க உள் பேடு ஒரு முனையில் காகிதம்போல, மறு முனையில் நாலு மில்லிமீட்டர், கத்தரித்த அப்பளம் மாதிரிச் சரிந்து தேய்ந்திருக்கிறது. 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றச் சொல்கிறது ஹோண்டா, இது எப்போதோ அதைத் தாண்டிவிட்டது. காரணம் இதுதான்: இந்த வண்டியின் பிஸ்டன் முகத்தில் கூட்டல் குறிபோல ஒரு பள்ளம் இருக்கும், உள் பேடின் முதுகில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும், குமிழ் பள்ளத்தில் உட்கார வேண்டும். போன தடவை மாற்றிய ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம், வெளியூர்) பிஸ்டனைத் திருகி உள்ளே அனுப்பியவர் பள்ளம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கவே இல்லை. குமிழ் மேட்டில் ஏறி நின்று பேடைச் சாய்த்தே வைத்திருக்கிறது. கூலியாகக் கொடுத்த பணம் இப்போதுதான் உறுத்துகிறது.

இனி செட்டைப் பற்றி. பெட்டி கனமாக இருக்கிறது, திறந்ததும் பார்க்க அழகு, ஆனால் மூடியின் பிளாஸ்டிக் கொக்கி முதல் நாளே உடைந்தது. 22 உருப்படியில் நான் தொட்டது மூன்று: திருகுதண்டு, கேலிப்பருக்குள் முட்டுக் கொடுக்கும் தகடு, பிஸ்டன் பள்ளத்துக்குப் பொருந்தும் வட்டு. சில வண்டிகளில் ஒரு பக்கம் இடச்சுற்றாகத் திருக வேண்டியிருக்கும் என்பதால் இடமரைத் தண்டும் கூடவே வருகிறது. எனக்கு இரண்டு பக்கமும் வலச்சுற்றுத்தான், அது பெட்டியிலேயே தூங்குகிறது. தண்டில் ஒரு சொட்டு கிரீஸ்கூட இல்லாமல் வந்தது, போடாமல் திருகினால் கிறீச்சிடுகிறது. வட்டின் காதுகள் உயரம் பத்தவில்லை, வலது பக்கம் செய்யும்போது இரண்டு முறை வழுக்கிவிட்டது, இரண்டாம் முறை ஒரு காது லேசாக மடங்கியது. இரும்பு மட்டம்தான், இன்னும் நாலைந்து தடவை தாங்கினால் அதிகம்.

ஆனாலும் வேலை நடந்தது. நிதானமாக, அரை அரைச் சுற்றாகப் பிஸ்டன் உள்ளே போவது கண்ணுக்குத் தெரிகிறது, கடைசியில் அரைக்கால் சுற்று முன்னே பின்னே திருப்பிப் பள்ளத்தைக் குமிழுக்கு நேராக நிறுத்த முடிகிறது. பிளையரில் இந்த நிதானம் வராது. எனக்கு 1,450 ரூபாய் அதற்கே சரியாகப் போய்விட்டது. பிஸ்டன் உள்ளே போகப் போக பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும், ஒரு கண் அங்கேயும் இருக்கட்டும். பெயின்டில் சிந்தினால் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேலிப்பர் நகர்ந்துகொடுக்கும் ஸ்லைடு பின்னைத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். உள்ளே படிந்திருந்த தூசியை வாயால் ஊதாதீர்கள், கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடையுங்கள். வீல் நட்டு 108 நியூட்டன் மீட்டர். வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும், முதல் மிதி தரைவரை போகும், அதை மறந்து கிளப்பினால் பின்கட்டுக் கதவு காலி. அப்புறம் புதுப் பேடு டிஸ்கோடு படிவதற்காகத் திருச்சி ரோட்டில் ஆளில்லாத இடமாகப் பார்த்து, 50இலிருந்து மெதுவாக வேகம் குறைத்துக் குறைத்துப் பத்துத் தடவை. இரண்டு பக்கத்துக்கும் எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது, அதில் ஒரு மணி நேரம் துருப்பிடித்த ஒரே ஒரு போல்ட்டுக்கு.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்குவதற்கு முன் உங்கள் பிஸ்டன் முகத்தின் படத்தைத் தேடிப் பார்த்து, அதற்கான வட்டு உள்ள சின்ன செட்டே போதும் என்றால் அதையே எடுங்கள். ஹேண்ட் பிரேக்குக்குக் கம்பிக்குப் பதில் சுவிட்ச் வைத்த புது வண்டியென்றால் முதலில் சர்வீஸ் மோடில் (பிரேக் வேலைக்கான நிலை) போட வேண்டும், நேராகத் திருகக் கூடாது. என் செட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளத்தூரிலிருந்து மச்சானும் அதே செட்டை ஆர்டர் போட்டார். பெட்டி வந்து, டயரையும் கழற்றி வைத்துவிட்டுப் போன் செய்தார், “மாப்ள, இதுல கேலிப்பர் எங்க இருக்கு?” என்று. அவருடையது ஸ்விஃப்ட், பின்னால் டிரம் பிரேக்.