‘ரேசிங் கிளட்ச்’ என்று என் கெப்புக்குப் பூட்டியது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் டீசல் கெப்புக்கு (பின்னால் சாமான் ஏற்றுகிற பிக்கப்) ரீமெப் செய்து, அதாவது இன்ஜின் கம்பியூட்டரின் மென்பொருளை மாற்றிப் பலத்தைக் கூட்டி, ஓடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கடையின் பெயரை எழுத மாட்டேன். முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஏமாந்த விதத்தை எழுதலாம்தானே.

வண்டி நிசான் கம்பனியின் 2008 நவாரா, டி40 மொடல். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புதுசு வாங்க வழியில்லாமல் இருக்கிறதையே திருத்தித் திருத்தி ஓடினோமே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். திருத்துவதோடு நின்றிருக்கலாம். இன்ஜினுக்குப் போகிற காற்றை ஆற்றுகிற இன்டர்கூலரைப் பெரிதாக்கி, கொழும்புக்குக் கொண்டுபோய் ரீமெப்பும் செய்தேன். கம்பனிக் கணக்கில் அந்த இன்ஜினின் டோர்க் (சுழற்றும் பலம்) 403 நியூட்டன் மீற்றர். ரீமெப் செய்த தம்பி 480க்குக் கிட்ட வரும் என்றார். வந்தது, வண்டியும் பறந்தது. அந்தப் பலத்தைக் கியர்பொக்ஸுக்குக் கடத்துகிற கிளட்ச் மட்டும் பழைய 403க்குச் செய்த அதே கிளட்ச் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

மகா போக அறுவடை நேரம் ஏறியது. வவுணதீவிலிருந்து 20 மூடை நெல்லோடு வருகிறேன் (ஒரு தொன்னுக்கு மேல், ஏற்றக்கூடாது என்று தெரியும்). ஐந்தாம் கியரில் மிதித்தால் இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறுகிறது, வேகம் அப்படியே நிற்கிறது. மறுகா ஒரு கருகல் நாற்றம். கிளட்ச் வழுக்குகிறது என்று அடையாளம் காண இதைவிட வேறொன்றும் வேண்டாம்.

விசாரித்துப் போன இடம் கராஜும் உதிரிப்பாகக் கடையும் சேர்ந்தது. கதவடியில் பளபளப்பான பெட்டிகள். முதலாளி நல்ல கதைகாரர்.

“ரீமெப் செஞ்ச வண்டிக்கு ஜெனுயின் போட்டா ரெண்டு மாசம் தம்பி. ரேசிங் கிளட்ச் இருக்கு. ஸ்டேஜ் த்ரீ. அறுநூறு வரைக்கும் தாங்கும்.”

“அறுநூறு என்னண்ணே?”

“அறுநூறுதான் தம்பி.”

அந்த இடத்திலேயே நான் எழும்பி வந்திருக்க வேண்டும். ஸ்டேஜ் ஒன்று, இரண்டு, மூன்று என்பதெல்லாம் செய்கிறவனும் விற்கிறவனும் தன் விருப்பத்துக்கு வைக்கிற பேர். எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. கேட்க வேண்டியது எத்தனை நியூட்டன் மீற்றர், எந்தப் பார்ட் நம்பர் என்பது. இன்னொன்று, இந்த வண்டியில் என்ன ஏற்றுகிறாய், எங்கே ஓடுகிறாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளட்ச் விற்கிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

செட்டுக்கு 178,000 ரூபாய், கழற்றிப் பூட்ட 25,000, கிளட்ச் பிளேட் உராய்கிற பிளைவீல் என்ற சக்கரத்தை லேத்தில் சீவி முகம் எடுக்க 9,000. காசைக் கொடுத்துவிட்டு பெடலை மிதித்துப் பார்த்தேன், பஞ்சு மாதிரி இருந்தது. சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதுதான் என் அறிவு.

வெளியே எடுத்ததுமே வண்டி கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது. கல்லடிப் பாலத்தடி நெரிசலில் ஊர்ந்து போக முடியவில்லை. ஒன்றில் பிடிக்காது, இல்லாவிட்டால் ஒரேயடியாகப் பிடித்து உதறும். பக்கத்தில் இருந்த மாமா டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, “இதுக்கு மாட்டு வண்டி பரவாயில்ல மகன்” என்றார். வரம்போரமாக ரெயிலரைப் பின்னுக்கு எடுப்பதெல்லாம் நினைக்கவே வேண்டாம். முதலாளிக்கு அழைத்தேன். “புதுசு தம்பி, ஆயிரம் கிலோமீற்றர் ஓடினா படிஞ்சிரும்.” புதுக் கிளட்ச் படிய ஐந்நூறு அறுநூறு கிலோமீற்றராவது பாரமில்லாமல் ஓட வேண்டும் என்பது உண்மைதான். அதனால் நம்பினேன். முழுப் பொய்யாக இருந்தால் பிடித்திருப்பேன்.

ஆயிரம் தாண்டியது. ஐந்தாவது கிழமை பதுளைக்கு ஒரு கலியாணச் சாமான் ஏற்றிப் போனேன். செங்கலடியால் கிறுகி, கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா வரைக்கும் பிரச்சினை இல்லை, பாதை மட்டம். பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம் தொடங்கியதும் பழையபடி முள் ஏறுகிறது, நாற்றம் வருகிறது. துள்ளல் போகவில்லை, வழுக்கலும் திரும்பி வந்துவிட்டது. ஓரம்கட்டி ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன். பொம்பிளை வீட்டார் பார்த்த பார்வையை எழுதவில்லை.

திரும்பி வந்து ஓட்டமாவடியில் தெரிந்த மெக்கானிக் காக்கா (முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவரிடம் விட்டேன். கியர்பொக்ஸை இறக்கிவிட்டு என்னை வரச் சொன்னார். “வந்து உங்கட கண்ணாலேயே பாருங்க தம்பி.”

பிளேட் பித்தளை நிறப் பொத்தான் ஆறு வைத்த செரமிக் பிளேட். அது மட்டும் புதுசு. அதைப் பிளைவீலோடு அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டில் புதுக் கறுப்புப் பெயின்ட். காக்கா பழைய துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தார். பெயின்ட் போனதும் உள்ளே இருக்கிற விரல்களின் நுனியில், பெடலை மிதிக்கும்போது வந்து தள்ளுகிற ரிலீஸ் பெயாரிங் தேய்த்த வட்டத் தடம் ஆழமாகத் தெரிந்தது. ஐந்து கிழமையில் அப்படித் தேயாது. யாருடையதோ கழற்றிப் போட்ட பழைய பிரஷர் பிளேட்டுக்குப் பெயின்ட் அடித்து எனக்கு ரேசிங் என்று பூட்டியிருக்கிறார்கள்.

காக்கா விளங்கப்படுத்தியதை என் பாஷையில் சொல்கிறேன். கிளட்ச் எவ்வளவு பிடிக்கும் என்பது நாலு விஷயத்தில் இருக்கிறது: பிளேட்டின் உராய்வு, பிரஷர் பிளேட் அமுக்கும் பலம், பிளேட்டின் விட்டம், உராய்கிற முகங்கள் எத்தனை. ஒற்றைப் பிளேட்டுக்கு முகம் இரண்டுதான். விட்டத்தையும் பெரிதாகக் கூட்ட இடமில்லை. மிச்சம் முதல் இரண்டும். செரமிக் உராய்வைக் கூட்டும், ஆனால் மெல்லப் பிடிக்கத் தெரியாது, அதனால் துள்ளல். அமுக்கும் பலம் களைத்துப்போன பிரஷர் பிளேட் என்பதால் பாரத்தில் வழுக்கல். பெடல் பஞ்சாக இருந்ததற்கும் காரணம் அதுதான். நல்ல பலமான பிரஷர் பிளேட் என்றால் பெரும்பாலும் கால் கொஞ்சமாவது கனக்கும்.

அடுத்தது அந்த 9,000. பிளைவீல் முகத்தில் சூட்டில் வந்த நீலப் புள்ளிகள் அப்படியே இருந்தன. லேத்தைக் கண்ணாலும் காணவில்லை. காக்கா சிரித்தார். இந்த வண்டியில் இருப்பது இரட்டைப் பிளைவீல், உள்ளே ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்தது, அதைச் சாதாரண பிளைவீல் மாதிரி லேத்தில் போட மாட்டார்கள். செய்யக்கூடாத வேலைக்குக் காசு வாங்கி, அதையும் செய்யவில்லை. ஒரு வகையில் நல்லதுதான். ஆனால் இரண்டு துண்டுக்கும் இடையில் ஆட்டம் அளவுக்கு மீறி இருந்தது. கழற்றிய அன்றே அதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். “வேற கை பட்டா வாரண்டி இல்ல தம்பி.” பில்லை நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அதில் ‘கிளட்ச் செட் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. பிராண்ட் இல்லை, பார்ட் நம்பர் இல்லை, புதுசா பழசா என்றும் இல்லை. பெட்டியையும் நான் கேட்டு வாங்கவில்லை. கழற்றிய பழைய கிளட்சையும் அங்கேயே விட்டு வந்திருந்தேன். அது இன்னொருவரின் கெப்பில் பெயின்ட்டோடு ஓடுகிறதோ தெரியாது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977க்கு அழைத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது ஏழு கிழமைதான் ஆகியிருந்தது. படங்கள், பில் பிரதி எல்லாம் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

இப்போது பூட்டியிருப்பது ஒற்றைப் பிளைவீலுக்கு மாற்றுகிற செட். பலமான பிரஷர் பிளேட், ஸ்பிரிங் வைத்த, மெல்லப் பிடிக்கிற சாதாரண ஓர்கானிக் பிளேட். எத்தனை நியூட்டன் மீற்றர் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது, பார்ட் நம்பரைப் பில்லிலும் எழுதுவித்தேன். காக்கா சொல்லி ரீமெப்பையும் கொஞ்சம் குறைத்தேன், 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே டோர்க் ஒரேயடியாக வராதபடி. பாரத்தோடு கீழ் ஆர்பிஎம்மில் மிதிக்கிற மிதிதான் கிளட்சைத் தின்பது. பெடல் கனக்கிறது. நியூட்ரலில் நிற்கும்போது கியர்பொக்ஸில் கச்சான் வறுக்கிற மாதிரி ஒரு சத்தம், ஒற்றைப் பிளைவீல் என்றால் அது இருக்கும் என்று முதலே சொல்லித்தான் பூட்டினார். துள்ளல் இல்லை. போன கிழமை மாமாவை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலம் கடந்தேன், டேஷ்போர்டில் கை வைக்கவில்லை.

பெயின்ட் அடித்த பிரஷர் பிளேட் சாக்கோடு விறாந்தையில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரன் வந்தபோது மனைவி அதைக் கொடுக்கப் பார்த்தாள். அதிகாரசபை கேட்டால் காட்ட வேண்டும் என்று மறித்து வைத்திருக்கிறேன்.