பப்கெம்: எண்ணுக்குக் கீழே இருக்கும் வரியையும் படியுங்கள்

ஒரு சேர்மத்தின் உருகுநிலை வேண்டுமென்றால் கூகுளில் தட்டி, முதலில் கண்ணில் படுகிற எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிற வழக்கம் மாணவர்களிடம் மட்டுமல்ல, லேபில் வருடக்கணக்கில் வேலை பார்ப்பவர்களிடமும் இருக்கிறது. பப்கெம் கையில் இருக்கும்போது இது தேவையே இல்லை. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 2004 முதல் நடத்திவரும் தளம் இது. காசு கிடையாது, லாகின் கிடையாது, 10 கோடிக்கும் மேற்பட்ட சேர்மங்கள் இருக்கின்றன. பெயர், வாய்பாடு, சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தரப்படும் தனி அடையாள எண்) எதைக் கொடுத்தாலும் தேடும், கட்டமைப்பை வரைந்தும் தேடலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஒவ்வொரு மதிப்புக்கும் கீழே அது எங்கிருந்து வந்தது என்று போட்டிருப்பது. ஆஸ்பிரின் பக்கத்தைத் திறந்து உருகுநிலையைப் பாருங்கள், ஒரே எண் இருக்காது. 135 டிகிரி செல்சியஸ் என்று ஓரிடம், 275 டிகிரி ஃபாரன்ஹீட் என்று இன்னோரிடம் (இரண்டும் ஒன்றுதான்), கூடவே வேறு மதிப்புகளும் வரும். ஆஸ்பிரின் சூடாகும்போதே சிதையத் தொடங்குவதால் எவ்வளவு வேகமாகச் சூடேற்றினோம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். அந்த வித்தியாசத்தை மறைக்காமல் காட்டுகிறதே, அதற்காகவே இதை நம்புகிறேன்.

ஆனால் எது சரி என்று பப்கெம் தீர்ப்புச் சொல்லாது. பல இடங்களிலிருந்து திரட்டித் தருவதோடு அதன் வேலை முடிந்தது, தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு. அதிலும் கணினி கணக்கிட்ட பண்புகள் தனிப் பகுதியாக இருக்கின்றன, அங்கிருக்கும் எக்ஸ்லாக்பி (ஒரு சேர்மம் நீரைவிட எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பானில் எவ்வளவு கரையும் என்ற கணிப்பு) போன்றவற்றை யாரோ அளந்து பார்த்த மதிப்பு என்று நினைத்து எழுதிவிடக் கூடாது. வேறு பெயர்களின் நீண்ட பட்டியலும் தரவு கொடுத்தவர்கள் போட்டதுதான், அதில் பொருந்தாத சிஏஎஸ் எண்களும் கலந்திருக்கலாம். சிஏஎஸ் எண்ணைச் சரிபார்க்க அந்த எண்களை வழங்கும் சிஏஎஸ் அமைப்பே இலவசமாகத் தரும் காமன் கெமிஸ்ட்ரி தளத்துக்குப் போவதுதான் நல்லது.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மயில்துத்தமே போதும். நீரேறிய நீல நிறக் காப்பர் சல்பேட் 7758-99-8, நீரற்ற வெள்ளைப் பொடி 7758-98-7. பார்வைக்குப் பக்கத்துப் பக்கத்து எண்கள், ஆனால் மோலார் நிறை முறையே 249.7, 159.6. 0.1 மோலார் கரைசல் ஒரு லிட்டர் போட நீலப் படிகத்தில் 24.97 கிராம் வேண்டும், தவறான பக்கத்தைப் பார்த்து 15.96 கிராம் நிறுத்துப் போட்டால் கிடைப்பது 0.064 மோலார்தான். அப்புறம் டைட்ரேஷன் ஏன் ஒத்துவரவில்லை என்று ப்யூரெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆவியழுத்தம், வெப்ப இயக்கவியல், ஐஆர் (அகச்சிவப்பு), மாஸ் ஸ்பெக்ட்ரம் என்று வந்துவிட்டால் நான் பப்கெமை மூடிவிட்டு அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நடத்தும் வெப்புக் தளத்தைத் திறந்துவிடுவேன். 1996 முதல் இருக்கிறது, பார்க்கப் பழைய காலத்துத் தளம் போலத்தான் இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அன்டாயின் மாறிலிகள் (வெப்பநிலையிலிருந்து ஆவியழுத்தத்தைக் கணக்கிட உதவும் எண்கள்) எந்த வெப்பநிலை வரம்புக்குச் செல்லும், யாருடைய அளவீட்டிலிருந்து வந்தவை என்று வரிசைக்கு வரிசை கொடுத்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: அங்கே அழுத்தம் பாரில், வெப்பநிலை கெல்வினில். பாடப்புத்தகங்களில் மில்லிமீட்டர் பாதரசமும் செல்சியஸும் அதிகம், இரண்டின் மாறிலிகளையும் கலந்தால் விடை எங்கோ போய்விடும்.

விற்பனையாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாள் கையுறை, சேமிப்பு, தீயணைப்பு விஷயங்களுக்குச் சரி. இயற்பியல் பண்புகள் அதன் 9ஆம் பிரிவில் வரும், ஆனால் பாதி இடங்களில் தரவு இல்லை என்றுதான் இருக்கும்.

தயாரிப்பு முறை தேடுபவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அதற்கு 1921 முதல் வரும் ஆர்கானிக் சிந்தசிஸ் என்ற வெளியீடு. ஒவ்வொரு செய்முறையையும் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவரின் ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்த பிறகே வெளியிடுகிறார்கள், இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.